எக்ஸ்பயரி ஆன கிஃப்ட் வவுச்சர்... அதில் இருந்த பணம் யாருக்கு?

கல்யாணம், புதுமனைப் புகுவிழா, பிறந்தநாள் என்று எதற்கும் இப்போது கிஃப்ட் வவுச்சர்தான். தீபாவளிக்கு அலுவலகத்தில் ஸ்வீட் பாக்ஸோடு ஜவுளிக்கடை வவுச்சர் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். வெளியூரில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு கோடு எண்ணை அனுப்பி, "உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ" என்கிறார். வாங்கியவர் அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைக்கிறார். மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கு எடுத்துக்கொண்டு போனால், பில் போடுபவர் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன மாசமே முடிஞ்சுபோச்சு மேடம்" என்று திருப்பித் தருகிறார்.

2,000 ரூபாய் வவுச்சர் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை முழுதாக யாரோ ஒருவர் முன்கூட்டியே கட்டிவிட்டார். பதிலுக்குக் கடை இதுவரை ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்கவில்லை. பின் எதை வைத்து 'முடிஞ்சுபோச்சு' என்கிறார்கள்?

கடையின் கணக்குப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு: 'பிரேக்கேஜ்'. வவுச்சர் விற்றதும் அந்தத் தொகை கடைக்கு ஒரு கடன் மாதிரி. அதற்கு ஈடாகப் பொருள் கொடுக்க வேண்டிய பொறுப்பு இருக்கிறது. ஆனால், எல்லா வவுச்சரும் திரும்பி வராது என்பது அனுபவத்தில் தெரியும். அப்படி வராமல் போகும் பங்கைக் கணித்து வருமானமாகக் காட்டிக்கொள்ள, பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் தரநிலையே (இண்ட் ஏ.எஸ். 115) வழி சொல்கிறது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நம் மறதிக்கு அங்கே ஒரு விலை போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வவுச்சர் என்றால் என்ன என்று சென்னை உயர் நீதிமன்றமே ஆராய வேண்டி வந்தது. வவுச்சரை விற்கும்போதே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா என்று கல்யாண் ஜுவல்லர்ஸ் தொடர்ந்த வழக்கு அது. 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வவுச்சர் என்பது தனியாக ஒரு பொருளோ சேவையோ அல்ல, கேட்டுப் பெறக்கூடிய ஓர் உரிமை. அதைக் கொடுத்துப் பொருள் வாங்கும்போதுதான் வரி என்பது அதன் சாரம். பிறகு 2024 டிசம்பரில் வந்த மத்திய அரசின் சுற்றறிக்கை, யாரும் பயன்படுத்தாமல் காலாவதியாகும் வவுச்சர் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றும் தெளிவுபடுத்திவிட்டது. வழக்கு வரியைப் பற்றியதுதான். ஆனாலும், 'கேட்டுப் பெறும் உரிமை' என்ற அந்த ஒரு வரியை வாடிக்கையாளர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பது எது?

எல்லா வவுச்சருக்கும் ஒரே சட்டம் இல்லை. குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான்.

'5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடி' என்று பில்லோடு பின் செய்து தருவது வெறும் சலுகைக் கூப்பன். அதற்காக யாரும் தனியாகப் பணம் கட்டவில்லை. தேதி முடிந்தால் முடிந்ததுதான். வாதாடிப் பயனில்லை.

பல கடைகளில் பயன்படுத்தக்கூடிய கிஃப்ட் கார்டுகளின் கதை வேறு. இவற்றை வங்கிகளோ, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களோதான் வெளியிட முடியும். முன்பக்கத்தில் பிரபலமான பிராண்டின் பெயர் பளபளவென்று இருந்தாலும், பின்பக்கத்துப் பொடி எழுத்தில் வெளியிட்டவரின் பெயர் வேறாக இருக்கலாம். அதைத் தேடிப் படியுங்கள். ஏனென்றால், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் இந்த வகை கார்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல பாதுகாப்பைத் தருகின்றன.

குறைந்தது ஓராண்டாவது கார்டு செல்லுபடியாக வேண்டும். தேதி முடிவதற்கு முந்தைய 45 நாள்களில், எஸ்.எம்.எஸ்., இமெயில் போன்ற வழிகளில் வெளியிட்ட நிறுவனம் எச்சரிக்க வேண்டும். கிஃப்ட் கார்டின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதில் மறுபடி பணம் ஏற்ற முடியாது, பணமாக எடுக்கவும் முடியாது. ஆனால், வைத்திருப்பவர் கேட்டால் செல்லுபடிக் காலத்தைப் புதுப்பித்துத் தர வேண்டும். தேவைப்பட்டால் புது கார்டாகவே தர வேண்டும்.

பலருக்கும் தெரியாத விஷயம் இன்னொன்று. வங்கி அல்லாத நிறுவனம் வெளியிட்ட கார்டு என்றால், காலாவதியான பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அந்த மீதித் தொகையைத் தன் லாபக் கணக்குக்கு மாற்றக் கூடாது. எக்ஸ்பயரிக்குப் பிறகு எப்போது வந்து கேட்டாலும், அந்தத் தொகையை உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். 'எக்ஸ்பயர்டு' என்று ஆப் காட்டியதும் கார்டைக் கிழித்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

கடையே தரும் வவுச்சர்

தன் கடையில் மட்டும் செல்லும்படி ஒரு ஜவுளிக்கடையோ நகைக்கடையோ தானே அச்சடித்துத் தரும் வவுச்சருக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அதனால் மேலே சொன்ன விதிகளும் இதற்குப் பொருந்தாது. மூன்று மாதமா, ஆறு மாதமா என்பதைக் கடைதான் முடிவுசெய்கிறது. இத்தனை மாதமாவது செல்ல வேண்டும் என்று இதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் கிஃப்ட் கார்டு பணம் குறைந்தது ஐந்து ஆண்டு செல்ல வேண்டும் என்ற விதி 2010-லேயே அமலுக்கு வந்துவிட்டது. அயர்லாந்தில் 2019 டிசம்பர் முதல் ஐந்து ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் மூன்று ஆண்டு. நம்மவர்கள் நிறைய பேர் வாழும் டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலோ, பெரும்பாலான கிஃப்ட் கார்டுகளுக்கு எக்ஸ்பயரி தேதியே போடக் கூடாது. இவ்வளவு வவுச்சர் புழங்கும் நம் ஊரில் கடை வவுச்சருக்கு ஒரு குறைந்தபட்ச காலம்கூட இல்லாதது நியாயமாகப் படவில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பாதகமான, நியாயமற்ற நிபந்தனையைத் திணிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எக்ஸ்பயரி தேதியைச் சொல்லாமல் விற்றது, 'எல்லாக் கிளைகளிலும் செல்லும்' என்று சொல்லிவிட்டு மறுப்பது போன்றவை முறையற்ற வணிகம், சேவைக் குறைபாடு என்ற வகையில் வரும். வவுச்சரைக் காசு கொடுத்து வாங்கியவர் வேறு, நான் பரிசாகப் பெற்றவள்தானே என்று தயங்க வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

கிரெடிட் நோட் வாங்கத்தான் வேண்டுமா?

வவுச்சருக்குத் தம்பி மாதிரி ஒன்று உண்டு, கிரெடிட் நோட். புடவையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தராமல், 'மூணு மாசத்துக்குள்ள வேற எடுத்துக்கோங்க' என்று ஒரு சீட்டு. கலர் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் அது கடையின் பெருந்தன்மையைப் பொறுத்தது. ஆனால், சாயம் போகிறது, சரிகை கிழிந்திருக்கிறது என்று பொருளிலேயே குறை இருந்தால் பணமாகவே கேட்கலாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள்களுக்குள் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. சுவரில் என்ன போர்டு மாட்டியிருந்தாலும் சரி.

தேதி முடிந்துவிட்டால்...

முதலில் கவுன்ட்டரில் சண்டை போடாமல், மேனேஜரைப் பார்த்துத் தேதியை நீட்டித் தரச் சொல்லுங்கள். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கடை ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. மறுத்தால் அதையே இமெயிலில் எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. வவுச்சரின் இரு பக்கத்தையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்லது. பில் பேப்பரில் அச்சடித்ததாக இருந்தால் சில மாதங்களில் எழுத்தே மங்கிவிடும். வவுச்சரைப் பரிசாகக் கொடுப்பவர்கள் அதன் பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் வாங்கியவருக்குப் பெரிய உதவி. விலை தெரிந்துவிடுமே என்ற கூச்சம் இங்கே தேவையில்லை, அதுதான் வவுச்சரிலேயே இருக்கிறதே!

கடை மசியவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அவர்கள் நிறுவனத்திடம் பேசித் தீர்வு காண முயல்வார்கள். பல கடைகளில் செல்லும் கார்டு என்றால், வெளியிட்ட நிறுவனத்திடம் முதலில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் தரலாம். விவரங்களுக்கு 14448.

அதற்கும் அடுத்தது நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். நிபந்தனையே நியாயமற்றது, அதை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்பதானால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். எதுவானாலும், பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும். ஆம், அதற்கும் ஓர் எக்ஸ்பயரி தேதி உண்டு.