கடைமடை காய்ந்தால் பிபி ஏறும்

ஏரிப் பாசனம் தெரிந்தவரிடம், சிறுநீரகத் தமனி சுருங்கி பிபி ஏறும் நோயைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஏரியில் தண்ணீர் நிறைந்தே இருக்கும். வாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காயும். ஏரியே வற்றிவிட்டது என்று நினைக்கும் கடைமடைக்காரர், மதகை இன்னும் திறக்கச் சொல்வார். திறந்தால் மற்ற வயல்களில் வரப்பு உடையும்.

நம் உடம்பில் அந்தக் கடைமடைக்காரர் சிறுநீரகம். இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. அதைக் கொண்டுசெல்லும் தமனி சுருங்கினால், உடம்பிலேயே ரத்தம் குறைந்ததாக எண்ணிச் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் விளைவாக ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் நீரும் தங்குகின்றன, பிபி எகிறுகிறது. நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி இதை 1934இல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஹாரி கோல்ட்பிளாட்.

யாருக்கு வருகிறது?

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவால் வருகிறது. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் அதைத் தூண்டும். இந்தியாவில் இளம்பெண்களுக்கு முக்கியக் காரணம் டகாயாசு நோய். தமனிச் சுவர் அழன்று தடிக்கும் இந்த நோய்க்கு, 1908இல் அதை விவரித்த ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயரே நிலைத்தது. இதில் ஒரு கையில் நாடி மங்கியிருக்கலாம். அந்தக் கையில் மட்டும் பிபி பார்த்தால், அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். ஆகவே, இரண்டு கைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது சந்தேகிக்கலாம்?

30 வயதுக்குள் பிபி கடுமையாக ஏறினால். நீர் மாத்திரை உட்பட மூன்று வகை மாத்திரை எடுத்தும் அடங்காவிட்டால். ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிபி மாத்திரைகளைத் தொடங்கியதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் வெகுவாக ஏறினால். ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் மட்டும் சிறுத்திருந்தால். சிலருக்கு வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தாலே, குறுகிய குழாயில் ரத்தம் ‘உஸ்... உஸ்’ என்று பாய்வது கேட்கும். டாப்ளர் ஸ்கேனும் சிடி ஆஞ்சியோகிராமும் அடைப்பை உறுதிசெய்யும்.

அடைப்பு என்றதும் ஸ்டென்ட் என்பதில்லை. கொழுப்பு அடைப்புள்ள பலருக்கு, நல்ல மருந்துச் சிகிச்சையைவிட ஸ்டென்ட் கூடுதல் பலன் தரவில்லை என்று 2014இல் வெளியான கோரல் ஆய்வு சொன்னது. டகாயாசுவில் முதலில் அழற்சியை அடக்கி, தேவைப்பட்டால் பலூனால் தமனியை விரிப்பார்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால், ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் பிபி இறங்கவில்லையா? சிறுநீரகத் தமனியைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடைப்பு வாய்க்காலில் இருக்கும்போது மதகடியிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது.