இட்லிப் பானையே முதல்

விடிவதற்குள்ளேயே தாராவியின் தமிழர் சந்துகளில் அடுப்புகள் மூட்டப்பட்டுவிடுகின்றன. முந்தின நாள் ஆட்டிப் புளிக்கவைத்த மாவு தட்டுகளில் விழுகிறது. ஒருவர் தேங்காய் துருவ, இன்னொருவர் வடை தட்ட, பொழுது புலரும்போது அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறிவிடுகின்றன. ரப்பர் ஹாரனை அழுத்தியபடி நகரின் தெருக்களுக்குக் கிளம்புகிறார்கள் இட்லிக்காரர்கள். ஆபீசுக்குப் போகிறவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி தரும் இவர்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை.

மும்பைத் தமிழர் என்றதும் நினைவுக்கு வருவது வேறு கதை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு ரயிலேறியவர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த தலைமுறை செம்பூருக்குப் பரவியது. தாராவிக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களிடம் சர்டிபிகேட் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோல் பதனிடுதல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது.

1966இல் சிவசேனை பிறந்தபோது அதன் கோபம் முதலில் பாய்ந்தது ஆபீஸ் நாற்காலிகள்மீதுதான். தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை 'மார்மிக்' வார இதழ் வெளியிட்டது. உடுப்பி ஓட்டல்களும் கல்லெறியிலிருந்து தப்பவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர் பிரேம் கணபதி. தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்துக்காரர். 1990இல், 17 வயதில், நம்பி வந்தவர் கைவிட்டுவிட, பம்பாயில் தனியாக நின்றார். மாகிம் பேக்கரி ஒன்றில் மாதம் 150 ரூபாய்க்குப் பாத்திரம் கழுவினார். 1992இல் வாஷி ரயில் நிலையம் எதிரே வாடகைக் கைவண்டியில் இட்லி, தோசை போட ஆரம்பித்தார். மாநகராட்சி வண்டியைப் பறிமுதல் செய்யும். அபராதம் கட்டி மீட்பார். அந்த வண்டியிலிருந்துதான் நூற்றுக்கு மேற்பட்ட தோசை வகைகளோடு 'தோசா பிளாசா' சங்கிலி வளர்ந்தது.

ஆனால் ஒரு பிரேம் கணபதியைக் காட்டி எல்லோரையும் தொழில் தொடங்கச் சொல்வது மேடைக்கு மட்டுமே அழகு. சைக்கிள் இட்லிக்காரருக்குப் பி.எப். இல்லை, காய்ச்சல் விடுப்பு இல்லை. அடைமழை நாளில் விற்காத இட்லி நஷ்டக் கணக்கு. 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஊரடங்கு வியாபாரத்தை முடக்கிய பிறகு, அதே ஆண்டில் 10,000 ரூபாய் கடன் தரும் 'ஸ்வநிதி' திட்டமும் வந்தது. இரண்டுக்கும் வியாபாரி என்று நிரூபிக்கும் காகிதம் தேவை. காகிதம் இல்லாததால்தானே இவர்கள் இந்தத் தொழிலுக்கே வந்தார்கள்!

இப்போது கவலை வேறு. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு என்கிறது திட்டம். மாடியில் குடியிருப்போருக்கு இடம் தாராவிக்கு வெளியே. இட்லிக்காரர்களுக்கோ வீடும் பட்டறையும் ஒன்றுதான். கிரைண்டரையும் பத்துப் பானைகளையும் அடுக்குமாடியில் எங்கே வைப்பது, விடியற்காலைப் புகையை எந்தச் சொசைட்டி பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் சந்துகளில் இப்போதைய பேச்சு.