வீட்டுத் திண்ணையும் தொழிற்கூடமே

தென்காசி வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், பீடி சுற்றுகிறேன்" என்பார். நான் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில் மாணவர்கள் பலர் 'இல்லத்தரசி' என்றே எழுதினர். அவர்களுள் பலரது கல்விக் கட்டணம் அந்தத் தாய்மார் சுற்றிய பீடியிலிருந்து வந்தது.

சும்மா நடக்கும் வேலையன்று அது. கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவு வைத்துக் கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டவேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலை மோசமாக இருந்தால், குறையும் எண்ணிக்கையை ஈடுகட்டச் சொந்தக் காசில் இலை வாங்குவோர் உண்டு. தரமில்லை என்று கழிக்கப்பட்டால் உழைப்பும் வீண். குற்றாலச் சாரலை ஊரே கொண்டாடும்போது, இவர்களுக்குப் பீடியில் ஈரம் ஏறிவிடுமோ என்ற கவலை.

இவர்களைத் தொழிலாளர் என்று சட்டம் எப்போதோ ஏற்றுவிட்டது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுவோரையும் பணியாளராகவே வரையறுத்தது. 1977-இல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கு விரிவாக்கப்பட்டபோது, வீட்டில் சுற்றுவோர் தங்கள் பணியாளர் அல்லர் என்று உற்பத்தியாளர்கள் வழக்காடினர். பி.எம். படேல் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தரமற்ற பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருப்பதே அவரது கட்டுப்பாட்டுக்குச் சான்று என்றது. பெண்களின் கூலியைக் குறைக்கும் அதே கழிவுதான், அவர்களைத் தொழிலாளர் என்றும் நிறுவியது.

ஆனால், அந்த உரிமை கடையின் பாஸ்புத்தகத்தில் உள்ள பெயருக்கே கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகள் 12 ஆண்டுகளாகச் சுற்றுகிறார். "கணக்கு அத்தை பெயரில்தான் இருக்கிறது, சார்" என்றார். வைப்பு நிதித் திட்டத்தில் ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி போதும். பதிவேட்டின்படி அவர் ஒரு நாள்கூட வேலை செய்தவரல்லர்.

பீடித் தொழிலாளர் நல நிதிக்கென வசூலிக்கப்பட்ட மேல்வரியும் 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது நீக்கப்பட்டது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு இப்போது நிதிநிலை ஒதுக்கீட்டையே நம்பவேண்டும். அதைப் பெறவும் தொழிலாளர் என்ற அடையாள அட்டை தேவை.

புகைப்பழக்கம் குறைவது நாட்டுக்கு நல்லது. அதனால் இத்தொழில் சுருங்கும் நாளில் இழப்பீடோ மாற்றுத் தொழிலோ கோருவதற்கு, உழைத்ததற்கான பதிவு கையில் இருக்கவேண்டும். ஆகவே, உண்மையில் சுற்றுபவர் பெயரில் பாஸ்புத்தகம் வழங்கப்படுகிறதா என்று தொழிலாளர் துறையினர் கடையில் மட்டுமன்றி வீடுகளிலும் விசாரிக்கவேண்டும். படித்த பிள்ளைகளும் தம் வீட்டுப் பாஸ்புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பார்க்கட்டும்.