பூனை ஏன் சொறிகிறது?

வீட்டுப் பூனையின் முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரோமம் உதிர்ந்து விட்டால் போதும். நம்மவர் குடும்பங்களில் உடனே ஒரு மகாநாடு கூடிவிடுகிறது. பாட்டியார் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். மாமா பினாயிலைச் சிபாரிசு செய்கிறார். வீட்டு எஜமானரோ சாக்குப் பையைத் தேடுகிறார். பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டு வருவது நமது நாட்டில் வெகு காலமாக நடந்து வரும் சிகிச்சை. "இது எதனால் வந்தது?" என்று கேட்பவர் மட்டும் அந்த மகாநாட்டுக்கு வருவதே இல்லை.

சொறிதல் என்பது ஒரு வியாதியன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான அறிகுறி. காரணம் தெரியாமல் கொடுக்கும் மருந்து பயனில்லாமற் போவதோடு நிற்பதில்லை. பூனையின் விஷயத்தில் அது உயிருக்கே உலை வைக்கும். இதை நாம் பட்டுத் தெரிந்து கொண்டோம்.

நமது வீட்டில் சாம்பல் நிறப் பெண்பூனை ஒன்று உண்டு. அதன் இடுப்பிலும் வாலின் அடியிலும் தினையைத் தூவினாற்போல் சிறு பொருக்குகள் கண்டன. கடைக்காரர் ஒருவர், தெள்ளுப் பூச்சிக்கு இதைவிட மேலான மருந்து இல்லையென்று, நாய்களுக்கான சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார். வாங்கி வந்து பிடரியில் விட்டோம். சில மணி நேரத்தில் அதன் காதுகள் துடித்தன, உடம்பு நடுங்கிற்று, பிறகு வலிப்புக் கண்டது. குழந்தைகள் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. மிருக வைத்தியர் இரண்டு நாள் தம்மிடம் வைத்திருந்து பிழைப்பித்துக் கொடுத்தார்.

அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின் என்னும் சரக்கு. நாய்க்குத் தீங்கு செய்யாத அளவு பூனைக்கு எமனாகி விடுகிறது. சில நச்சுப் பொருள்களை மாற்றி உடலிலிருந்து வெளியேற்ற நமது கல்லீரல் செய்யும் வேலை ஒன்றைப் பூனையின் கல்லீரல் சரிவரச் செய்வதில்லை. போதாக்குறைக்கு, உடம்பில் எதைத் தடவினாலும் பூனை அதை நக்கி விழுங்கி விடும். ஆகவே பினாயில், மண்ணெண்ணெய், கர்ப்பூரத் தைலம், யூகலிப்டஸ் தைலம் எதுவும் அதற்கு ஆகாது. வலிக்கு நாம் விழுங்கும் பாராஸிடமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மருந்துப் பெட்டியின் மேல், 'பூனைகளுக்கு உபயோகிக்கலாகாது' என்று ஆங்கிலத்தில் எறும்பெழுத்தாக அச்சிட்டிருந்தது. பட்டம் பெற்றுப் பள்ளியில் பாடம் சொல்லும் நாம் அதைப் படிக்கவில்லை, வெட்கக்கேடுதான். ஆனால் ஆங்கிலம் அறியாத தாய்மார் என்ன செய்வார்கள்? தமிழருக்கு விற்கும் மருந்தில் எச்சரிக்கையையாவது தமிழில் அச்சிட்டால் யாருடைய கௌரவம் குறைந்து போகும்?

இனிக் காரணங்களைப் பார்ப்போம். முதற் குற்றவாளி தெள்ளுப் பூச்சியே. "எங்கள் பூனையின் மேல் ஒரு தெள்ளுகூட இல்லையே!" என்பார்கள். பூனை நாள் முழுதும் நக்கிச் சுத்தம் செய்து பூச்சிகளை விழுங்கி விடுவதால் அவை கண்ணில் படுவதில்லை. தெள்ளின் எச்சில் ஒவ்வாத பூனைக்குச் சில கடிகளே போதும். நாட்கணக்கில் அரிப்பு நிற்காது. அறிந்து கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மெல்லிய பற்களுள்ள சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை நனைந்த வெள்ளைக் காகிதத்தில் இடுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். பூனையின் இரத்தமே அதில் இருக்கிறது. பூச்சியின் முட்டைகளோ பூனை மேல் தங்காமல், அது படுக்கும் கம்பளத்திலும் தரையின் இடுக்குகளிலும் உதிர்ந்து கிடக்கும். பூனைக்கு மட்டும் மருந்திட்டு வீட்டை விட்டு விட்டால் பாதி வேலைகூட ஆகாது.

அடுத்தது படர்தாமரை. இது புழுவுமன்று, பூச்சியுமன்று. ஒரு வகைப் பூஞ்சணம். பாரிஸ் நகரத்துச் சரும வைத்தியர் சபூரோ 1910-ல் வெளியிட்ட பெரிய நூலில் இவ்வகைப் பூஞ்சணங்களைத் தரம் பிரித்து விளக்கினார். பூனையில் பெரும்பாலும் காண்பது மைக்ரோஸ்போரம் கானிஸ் என்பது. இது மனிதரையும் பற்றும். குழந்தைகளையே அதிகம் பற்றும். நமது வகுப்பில் ஒரு சிறுவன் கையில் வட்ட வட்டமான தடிப்புகளுடன் வந்தான். விசாரித்ததில், அவன் தங்கைக்கும் அப்படியே. இருவரும் ஒரு குட்டியைக் கட்டிக் கொண்டு தூங்குகிறவர்கள். அப்பூனையைத் துரத்தி விட்டார்கள். தடிப்புகள் போகவில்லை. உதிர்ந்த ரோமத்தோடு கிடக்கும் பூஞ்சண வித்துக்கள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. துரத்திய பூனை வேறொரு தெருவுக்கு வியாதியைக் கொண்டு போயிருக்கும், அவ்வளவே லாபம். நீண்ட ரோமமுள்ள பாரசீகப் பூனைகளில் சில, வெளியே ஓர் அடையாளமும் இன்றி இதைச் சுமந்து திரிவதும் உண்டு.

காது ஓரத்தில் தடித்த பொருக்குத் தோன்றி முகத்திலும் பாதத்திலும் பரவினால், அது சருமத்தைக் குடையும் நுண்பூச்சியால் வரும் சிரங்கு. காதினுள் காப்பிப் பொடி போன்ற அழுக்குச் சேர்ந்தால் வேறொரு பூச்சி. சில பூனைகளுக்கு மீனோ இறைச்சியோ ஒத்துக் கொள்வதில்லை; அவை முகத்தையும் கழுத்தையும் பிறாண்டும். இது உறுதிப்பட ஏறக்குறைய எட்டு வாரம், இதுவரை தின்னாத ஒரே வகை உணவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அடிவயிற்றை நக்கி நக்கி மொட்டையாக்கும் பூனையை, "மனக்கவலை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அதன் அடியில் அரிப்போ வலியோ ஒளிந்திருக்கும். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத புண் இருந்தால் தாமதியாதீர்கள். வெயிலால் வரும் புற்றாக இருக்கலாம்.

1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, வேப்பேரியில் நிலைபெற்றிருக்கும் சென்னை மிருக வைத்தியக் கல்லூரியில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. மாடுகளுக்கென்று நாம் நினைத்திருக்கும் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் பூனையைக் கொண்டு போகலாம். வைத்தியர் ரோமத்தைப் பிடுங்கியும் தோலைச் சுரண்டியும் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ஊதா ஒளி விளக்கின் கீழும் பார்ப்பார். பூஞ்சணம் பற்றிய ரோமம் பல சமயங்களில் பச்சையாக ஒளிரும். 1925 முதல் வழக்கிலுள்ள இச்சோதனையில் பச்சை தெரியாவிட்டால் வியாதி இல்லையென்று தீர்த்து விட முடியாது.

நமது பூனைக்குத் தெள்ளு என்பதே சீப்புச் சோதனையில் கண்டது. பூனைக்கென்றே உள்ள மருந்தை வைத்தியர் எடை பார்த்துக் கொடுத்தார். வீட்டுக் கம்பளங்களை எல்லாம் கொதிநீரில் போட்டோம். பாட்டியாரின் பழைய ஜமக்காளம் ஒன்று சாயம் போய்விட்டது. பூனைக்கு ரோமம் முளைத்து வெகு நாளாகிறது. ஜமக்காளத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.