நிற்கும் கோபுரம், ஓடும் நாடா

எங்க சித்தப்பா பட்டு நெய்பவர். போட்டோ எடுப்பது அவர் பொழுதுபோக்கு. சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலில், 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரத்துக்குக் கிழக்கே நின்று எடுப்பார். சூரியன் இறங்கும்போது ஒளி காற்றில் அதிக தூரம் வரவேண்டும். நீலம் சிதறிவிடும், சிவப்பு மிஞ்சும். செல்போனில் வானத்தைத் தொட்டால் போதும், கோபுரம் கன்னங்கரேல்னு விழும்.

கோபுரம் அசையாது, அதனால் சுலபம்! தறியில் ஓடும் நாடாதான் கஷ்டம். வீட்டில் வெளிச்சம் கம்மி. அதனால் கேமரா ஒளியை அதிக நேரம் வாங்கும்; அதற்குள் நாடா ஓடிவிடும், கோடுதான் விழும். ஜன்னல் வெயிலில் எடுக்கலாம். ஆனா அப்போ நாடாவை ஓட்டுவதே சித்தப்பாதானே, யார் எடுப்பது? நான்தான் எடுத்தேன். கீழே ஒட்டியிருக்கிறேன், பாருங்கள். கை தெளிவு, நாடா மட்டும் கோடு. சித்தப்பாவும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார்.

- 9ஆம் வகுப்பு மாணவி