தோரே பெல்லிச்சே: ஒரு மலையடிவார நகரும் அதன் எல்லைக்கோடும்

திருச்சபை வரலாறு பயில்வோர் விற்றன்பர்க்கையும் ஜெனிவாவையும் நன்கறிவர். இத்தாலி நாட்டிலும் சீர்திருத்தச் சபைக்கு ஒரு தாயகம் உண்டு என்பதையோ, அது ஐயாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஒரு சிற்றூர் என்பதையோ பலர் அறியார். அவ்வூரே தோரே பெல்லிச்சே.

பீட்மாண்ட் மாநிலத்தின் தலைநகராகிய தூரின் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடியில் இது அமைந்துள்ளது. 'தோரே' என்பதற்குக் கோபுரம் என்பது பொருள். பெல்லிச்சே என்பது ஆற்றின் பெயர். பிரான்ஸ் நாட்டு எல்லையிலுள்ள மலைகளில் தோன்றும் அவ்வாறு கிழக்கே ஓடிப் போ ஆற்றில் கலக்கிறது. வடபுறத்து மலைகளினின்று இறங்கும் அங்குரோஞா என்னும் ஓடை இவ்வூரருகே அதனோடு சேருகிறது. ஊருக்குக் கீழே வயல்கள் நிறைந்த சமவெளி. மேலே செங்குத்தான மலைகள். இவ்வொரு செய்தியை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டால் இந்நகரின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து வணிகராகிய வால்டோ என்பாரால் தோன்றிய இயக்கத்தினரே வால்டென்சியர். உடைமைகளைத் துறந்து, திருமறையை மக்கள் மொழியில் போதித்த இவர்களைத் திருச்சபை விலக்கிவைத்தது. துன்புறுத்தலுக்கு அஞ்சிச் சிதறியவர்களுள் ஒரு பிரிவினர் இம்மலைகளில் நிலைபெற்றனர். 1532ஆம் ஆண்டில் அங்குரோஞாவிலுள்ள ஷான்ஃபொரான் என்னுமிடத்தில் கூடி, சீர்திருத்தச் சபையோடு இணைய முடிவுசெய்தனர். ஃபாரல் அக்கூட்டத்தில் இருந்தார். வேதாகமத்தைப் பிரெஞ்சு மொழியில் புதிதாகப் பெயர்த்து அச்சிடவும் அவர்கள் பொருளுதவி செய்தனர்; ஒலிவெத்தான் பெயர்த்த அந்நூல் 1535இல் நூஷாத்தெல்லில் வெளிவந்தது. இவர்களின் வீட்டு மொழியோ ஒக்சித்தானியம். பிறருக்குப் பயன்படும் ஒரு வேதாகமத்திற்காக ஏழை மலைவாசிகள் காசு திரட்டினர் என்பது நம் கருத்தில் சிறிய செயலன்று.

1561ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சவோய் கோமகனின் அரசு கவூர் என்னுமிடத்தில் இவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. குறித்த எல்லைக்குள் இவர்கள் தம் முறைப்படி வழிபடலாம்; அதற்கு வெளியே கூடாது. மேல் பள்ளத்தாக்குகள் அவர்களுக்கு. செழிப்பான சமவெளி அவர்களுக்கு இல்லை. ஒருவன் எங்கே மண்டியிடலாம் என்பதை நிலப்படத்திலுள்ள ஒரு கோடு தீர்மானித்தது. தோரே அக்கோட்டின் மேலேயே இருந்தமையால், ஒவ்வொரு பூசலிலும் முதல் அடி அதற்கே விழுந்தது.

1655ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், தோரே முதலிய கீழூர்களில் வாழும் வால்டென்சியர் மூன்று நாள்களுக்குள் மதம் மாறவேண்டும், அன்றேல் மலைமேல் செல்லவேண்டும் என்று கட்டளை பிறந்தது. நடுக்குளிர் காலத்தில் குடும்பங்கள் பனியில் ஏறின. ஏப்ரல் மாதத்தில் பியனெட்சா பிரபுவின் படை மேலூர்களிலும் புகுந்து படுகொலை புரிந்தது. இங்கிலாந்தில் மில்ட்டன் இதைக் குறித்துக் கவிதை யாத்தார். கிராம்வெல் நிதி திரட்டினார். 1686இல் வழிபாடே தடைசெய்யப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் சிறையில் மாண்டனர்; எஞ்சியோர் சுவிட்சர்லாந்துக்குத் துரத்தப்பட்டனர். 1689 ஆகஸ்டில் அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர், போதகர் ஆன்றி அர்னோவுடன் ஜெனிவா ஏரிக்கரையினின்று புறப்பட்டு, மலைகளைக் கடந்து, ஆயுதந்தாங்கித் தாயகம் மீண்டனர். போதகர் வாளேந்தியதைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்நடையின் துணிவைப் பற்றி இருக்க இயலாது.

நெப்போலியன் காலத்தில் சில ஆண்டுகள் விடுதலை கிடைத்தது. 1814இல் பழைய கோடு மீண்டது. அண்டை ஊராகிய சான் ஜியோவன்னியில் அதற்குள் எழுப்பப்பட்டிருந்த ஆலயம், எதிரிலிருந்த கத்தோலிக்க ஆலயத்தாரின் கண்ணில் படாதிருக்க, அதன் முன் மரத்தடுப்பு நாட்டுமாறு பணிக்கப்பட்டது! 1848 பிப்ரவரி 17இல்தான் மன்னர் கார்லோ ஆல்பெர்த்தோ குடியுரிமைகளை வழங்கினார். இன்றும் அந்நாளுக்கு முந்திய இரவில் மலைகளெங்கும் தீ மூட்டுகின்றனர்.

இக்காலத்தில் நகருக்கு உருக்கொடுத்தவர் அயலார் ஒருவர். வாட்டர்லூ போரில் ஒரு காலை இழந்த ஆங்கிலப் படைத்தலைவர் பெக்வித், இம்மக்களைப் பற்றி ஒரு நூலில் படித்து, 1827இல் இங்கு வந்தார். குக்கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பள்ளிகள் அவர் முயற்சியால் எழுந்தன. பல ஒற்றை அறைக் கட்டடங்களே. எனினும் எழுத்தறிவில் இப்பள்ளத்தாக்குகள் முன்னின்றன. 1852இல் நடுநகரில் பெரிய ஆலயம் திறக்கப்பட்டது. 1855இல் இங்கே தொடங்கிய இறையியல் கல்லூரி, 1860இல் புளோரன்சுக்கும் 1922இல் உரோமைக்கும் பெயர்ந்தது. மலைக்குள் ஒடுங்கியிருந்த சபை நாடு முழுவதற்கும் பணியாற்றத் துணிந்ததன் அடையாளம் அது.

இன்று வால்டென்சியரும் மெதடிஸ்டுகளும் இணைந்த ஆட்சிமன்றம் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் இந்நகரில் கூடுகிறது. 2015 ஜூன் 22இல் போப்பு பிரான்சிஸ் தூரின் நகரத்து வால்டென்சிய ஆலயத்திற்கு வந்து, கடந்தகாலக் கொடுமைகளுக்காக மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டின் மன்றம் நன்றியோடு மறுமொழி அனுப்பியது. இரு சபைகளுக்குமிடையே புதிய நிலை உருவாகியிருப்பதை அது வரவேற்றது. ஆயினும், இரத்தம் சிந்தியும் துன்புற்றும் சான்று பகர்ந்தவர்களின் இடத்தில் தாங்கள் நின்று, அவர்களுக்குப் பதிலாக மன்னிக்கும் அதிகாரம் தங்களுக்கில்லை என்றும் அதில் தெரிவித்திருந்தது.