பற்பசைக்கு முன்பு வேப்பங்குச்சி

நியாலாஸ் - நைலான் இழை வைத்த பல்துலக்கி விற்பனைக்கு வந்தது 1938இல்தான். அதற்கு முன்பு மக்கள் பல் விளக்காமலா இருந்தார்கள்? சுசுருத சங்கிதை பல்குச்சிக்கு அளவே சொல்கிறது: 12 விரல் அகல நீளம், சுண்டுவிரல் பருமன். நுனியை மென்றால் நார் பிரியும், அதுதான் துலக்கி. மறுநாளுக்குப் புதுக்குச்சி. மலாய்க்காரர்களின் 'காயூ சுகி'யும் இதே முறைதான், மரம் மட்டும் வேறு.

நம் தோட்டத்து லயங்களில் வேப்பங்குச்சியோடு அடுப்புக்கரியும் உப்பும் இருந்தன. குச்சியைப் பாராட்டலாம், கரியை அல்ல. கரகரப்பான கரி பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. அதே கரி இன்று 'இயற்கை' என்ற பெயரோடு அழகான டப்பாவில் விற்கிறது! பல்கூச்சம் உள்ளவர்கள் அதை வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கு புளோரைடு பற்பசையே போதும்.